விலைப்பட்டியலில் எந்த விலையை எழுதுவது?

2021 ஜூலை 9 அன்று, அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில், சீல் பிரிக்காத ‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ வீடியோ விளையாட்டுப் பிரதி ஒன்று 8,70,000 டாலருக்கு விற்றது. இரண்டு நாள் கழித்து, சீல் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று 15,60,000 டாலருக்குப் போனது. பின்னது உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு. பெட்டியோ கையேடோ இல்லாமல் வெறும் கேட்ரிட்ஜ் (கருவியில் செருகி ஆடும் விளையாட்டுப் பேழை) போதும் என்பவருக்கு அது சில பத்து டாலரில் கிடைத்துவிடும். ஆகவே ‘சூப்பர் மாரியோ 64 என்ன விலை?’ என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முனையும் எந்தப் பட்டியலும் முதல் வரியிலேயே தடுமாறிவிடும்.

நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய விளையாட்டுக் கருவியான என்இஎஸ்ஸுக்கு வட அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுக்காக எனக்கென்று ஒரு விலைப்பட்டியலைப் பராமரித்து வருகிறேன். எத்தனை விற்பனைகளைத் திரட்டினோம் என்பதைவிட, எந்தப் பொருளுக்கு விலை எழுதுகிறோம் என்பதை எவ்வளவு கறாராக வரையறுத்தோம் என்பதே பட்டியலின் நம்பகத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

‘ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்’ இதற்குச் சரியான சான்று. பண்டாய் நிறுவனம் 1987இல், தரையில் விரித்து அதன்மேல் ஓடி ஆடும் விரிப்புடன் சேர்த்து இதை வட அமெரிக்காவில் வெளியிட்டது. சிறிது காலத்திலேயே நின்டெண்டோ உரிமையை வாங்கி, விரிப்புக்குப் ‘பவர் பேட்’ என்றும் விளையாட்டுக்கு ‘வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்’ என்றும் பெயர் மாற்றி 1988இல் மறுபடி வெளியிட்டது. கடைகளிலிருந்து சீக்கிரமே மறைந்த முதல் பெயர்கொண்ட பிரதிகள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் பெறுகின்றன. ஏறக்குறைய அதே விளையாட்டைக் கொண்ட இரண்டாவது பெயர்ப் பிரதியோ சில டாலருக்கு மேல் போவதில்லை. இதோடு நிற்கவில்லை: அதே ‘ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்’ பெயரிலேயே ஐரோப்பியப் பதிப்பும் உண்டு, அதன் விலை வட அமெரிக்கப் பதிப்போடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. விற்பவர் தலைப்பில் நாட்டைக் குறிப்பிடாமல் விட்டு, பட்டியல் தயாரிப்பவரும் தலைப்பை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டால், வெவ்வேறு இரண்டு பொருள்களின் சராசரி யாரும் வாங்காத, யாரும் விற்காத ஒரு விலையாக வந்து நிற்கும்.

நிலையை வரையறுப்பதும் இதே அளவு முக்கியம். கேட்ரிட்ஜ் மட்டும், முழுமையானது, சீல் பிரிக்காதது என்ற மூன்று பிரிவுகள் இப்போது பொதுவழக்காகிவிட்டன. இவற்றில் ‘முழுமையானது’ என்பதுதான் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பொருள் கொள்கிறது. என்இஎஸ் விளையாட்டென்றால் பெட்டி, கையேடு, கேட்ரிட்ஜ் ஆகியவற்றோடு கறுப்பு உறையும், பெட்டிக்குள் வெற்றிடத்தை நிரப்ப வைத்த தெர்மாகோல் கட்டையும் சேர்த்தா, சேர்க்காமலா? அமெரிக்காவில் 1995இல் வெளியான ‘எர்த்பவுண்ட்’ வழக்கத்தைவிடப் பெரிய பெட்டியில், வழிகாட்டிப் புத்தகம் ஒன்றுடன் வந்தது. அந்தப் புத்தகம் இல்லாத பிரதியை முழுமையானது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய விற்பனைகளைக் கணக்கில் சேர்த்தால் விலை கணிசமாக இறங்கித் தெரியும். என் பட்டியலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் முழுமை என்பதில் அடங்குபவை எவை என்று தனிப் பத்தியில் எழுதிவைக்கிறேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாத பட்டியலை நான் நம்புவதில்லை.

அடுத்து விலை. விற்பவர் கேட்கும் விலையைப் பட்டியலில் ஏற்றக்கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். விற்று முடிந்த விலையிலும் பள்ளங்கள் உண்டு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஈபேயில் விற்பவர் பேரத்துக்கு உடன்பட்டு முடித்த விற்பனைகளில், பொதுத் தேடலில் முதலில் கேட்ட விலை அடிக்கப்பட்டுத் தெரியுமே தவிர, பேசி முடித்த தொகை தெரியாது. அவற்றை முழு விலையாகக் கணக்கில் சேர்த்தால் பட்டியல் மேல்நோக்கிச் சாயும். தபால் செலவை விலைக்குள் அடக்கியவரையும் தனியாக வசூலித்தவரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. பணம் வராமல் மறுபடி ஏலத்துக்கு வந்த பொருளின் முதல் விற்பனை, விற்பனையே அல்ல. ஏல நிறுவனங்களின் செய்தியில் வரும் தொகையோ வாங்குபவர் செலுத்தும் கட்டணத்தையும் உள்ளடக்கியது: மேலே சொன்ன 15,60,000 டாலரில் ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை 13,00,000 மட்டுமே, மீதி அதன்மேல் 20 சதவீதக் கட்டணம்.

போலிகளால் வரும் சிக்கல் வேறு வகை. கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கான ‘போகிமான் எமரால்டு’ போன்றவற்றில் போலிக் கேட்ரிட்ஜ்கள் மலிந்து கிடக்கின்றன. வாங்கி ஏமாறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; அந்த மலிவு விற்பனைகள் கணக்கில் நுழைந்து அசலின் விலையையும் கீழே இழுத்துக் காட்டுவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அசல் கேட்ரிட்ஜில் நேரத்தைக் கணக்கிடும் கடிகாரத்துக்கென ஒரு பேட்டரி இருக்கும் என்பதால், உட்புறச் சர்க்யூட் பலகையின் படம் காட்டப்பட்ட விற்பனைகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படி வடிகட்டிய பிறகும் சராசரியைவிட நடு எண்ணே மேல். வரிசைப்படுத்திய விற்பனைகளில் நடுவில் நிற்பதை எடுத்தால், வேடிக்கைக்காக ஏலம் கேட்டவர் ஒருவரால் பட்டியல் அசையாது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை விற்பனைகள், கடைசி விற்பனை எந்த மாதம் என்ற இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் ஏறிய விலைகள் பலவும் பிறகு இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு, 2021இல் எழுதிய விலையைத் தேதியில்லாமல் காட்டுவது எவ்வளவு தவறானது என்று விளக்க வேண்டியதில்லை.

பிரைஸ்சார்ட்டிங் போன்ற தளங்கள் தானியங்கி முறையில் விற்பனைகளைத் திரட்டுகின்றன. வாரந்தோறும் நிறைய விற்கும் விளையாட்டுகளுக்கு அது போதும், அங்கே என் கைக்கணக்கு கூடுதலாக எதையும் தந்துவிடாது. அரிதானவற்றில்தான் நிலைமை மாறுகிறது. 1990ஆம் ஆண்டு நின்டெண்டோ நடத்திய உலகப் போட்டியையொட்டி வழங்கப்பட்ட கேட்ரிட்ஜ்கள் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26. ஒட்டுத்தாள் கிழிந்தது, யாரோ பேனாவால் எழுதியது என ஒவ்வொன்றும் தனித்தன்மை கொண்டது என்பதால், இவற்றுக்கு நடு எண் கண்டுபிடிப்பது கணிதத்தைக் கேலி செய்வதாகும். இன்னொரு பழைய விளையாட்டுக் கருவியான அட்டாரி 2600க்கான ‘ஏர் ரெய்டு’ம் அப்படியே: பெட்டியுடன் கூடிய பிரதி 2010இல் 31,600 டாலருக்கு விற்றது. இத்தகைய வரிகளில் விலைக் கட்டத்தைக் காலியாக விட்டு, எந்தப் பிரதி, எந்த ஆண்டு, எவ்வளவுக்கு விற்றது என்பதை மட்டும் குறிப்பாக எழுதிவிடுகிறேன். இன்றைக்கு என்ன கொடுக்கலாம் என்பதை வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்துக்கொள்ளட்டும்.