பாம்பன் பாலத்தில் இறங்கிய முள்: பழைய காரில் பெட்ரோல் பிரஷர் பார்த்த அனுபவம்

வீட்டு வாசலில் கார் சீராக ஓடும். உச்சிப்புளி கடைத்தெருவரை போய் வந்தாலும் ஒரு குறையும் தெரியாது. மண்டபம் தாண்டி பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறி, நடுவில் இருக்கும் மேட்டுக்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் இழுவை செத்துப்போகும். காலை எடுத்தால் மறுபடி சரியாகிவிடும். வண்டி 2002 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை).

என்ஜின் லைட் எரியவே இல்லை. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் பிரஷரை அளக்க சென்சார் கிடையாது. பிரஷர் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் இ.சி.யு. (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. அதனால் பிரஷர் காட்டும் கேஜ் மாட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் “பம்ப் போயிருக்கும், மாத்திடுங்க” என்றார்கள். அளந்து பார்க்காமல் பம்ப் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

கேஜ் மாட்டுவதற்கு முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு லைனில் இருந்த பிரஷரை இறக்கினேன். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பெட்ரோல் லைனைத் திறக்கும்போது பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது, இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

ஐடிலில் 2.4 பார். பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு என்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுவரும் வேக்யூம் ஹோஸைக் கழற்றியதும் 2.9. ஹோஸைக் கழற்றிய நிலையில் இந்த வண்டிக்கு 3 பார் (ஏறக்குறைய 43 பி.எஸ்.ஐ.) இருக்க வேண்டும், அதனால் இதில் குறை சொல்ல முடியாது. கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இல்லை. ஈரம் இருந்திருந்தால் ரெகுலேட்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று அங்கேயே முடிவு கட்டியிருப்பேன்.

நின்ற இடத்தில் நோய் தெரியாததால் கேஜின் நீள ஹோஸை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். உள்ளே கொண்டுவரக் கூடாது, கசிந்தால் ஆபத்து. அக்கா மகன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். பாலத்தின் ஏற்றத்தில் அழுத்தியதும், “மாமா, முள் இறங்குது! ரெண்டுக்கும் கீழே போயிடுச்சு!” என்றான். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வேக்யூம் குறையும், அதனால் ஏற்றத்தில் முள் 3-ஐ நோக்கி ஏற வேண்டும். ரெகுலேட்டர் தாங்கிப் பிடிக்கிற அளவுக்குப் பெட்ரோல் வரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸைப் பாட்டிலில் விட்டு, பம்பை 30 விநாடி ஓட்டினேன். 300 மில்லிதான் விழுந்தது. அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். ஃபில்டர் சமீபத்தில் மாற்றியது. அப்படியானால் பம்ப் சோர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கரண்ட் சரியாகப் போகாமல் இருக்க வேண்டும்.

நம் கரையில் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மண்டபம் பக்கம் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்போடுதான் வரும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப் கனெக்டரில் 11.2. மீதி 2.6 வோல்ட் எங்கே போகிறது என்று தேடினேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பம்பின் பாசிட்டிவிலும் வைத்தால் 0.4 காட்டியது. ஃபியூஸ், ரிலே, ஒயர் எல்லாம் சேர்ந்து இந்த வயதில் அவ்வளவு இருக்கலாம். எர்த் பக்கம் அதே மாதிரி பார்த்தால் 2.2!

பின்சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை விலக்கினால் எர்த் போல்ட் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. ஒயரை இழுத்ததும் அதன் முனையில் இருக்கும் உலோக லக் பொடிந்து கையோடு வந்துவிட்டது. களிம்பு ஏறிய ஒயரை வெட்டி எறிந்தேன். பளபளப்பான செம்பு வரும்வரை போக வேண்டியிருந்தது. புது லக் அடித்து, பாடியில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கினேன். முறுக்கிய பிறகு மேலே வாசலைன் பூசினேன்.

இப்போது எர்த்தில் 0.1 வோல்ட், பாட்டிலில் 650 மில்லி. பாலத்தின் ஏற்றத்தில் முள் 2.9-ஐ விட்டு அசையவில்லை. பழைய பம்ப்தான் ஓடுகிறது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட்டர் நீளமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அணைத்த பத்து நிமிடத்தில் பிரஷர் அரை பாருக்கு வந்துவிடுகிறது. அணைத்தவுடன் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸைக் கவ்விப் பிடித்தேன், அப்படியும் இறங்கியது. டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கவ்வினால் நின்றுவிட்டது. அப்படியென்றால் ரெகுலேட்டரும் இன்ஜெக்டரும் கசியவில்லை, பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு வழியாகத்தான் பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிறது. அந்த வால்வைத் தனியாக மாற்ற முடியாது, என்றாவது பம்பையே மாற்ற வேண்டும். அதுவரை சாவியை ஆன் செய்து, பம்ப் சத்தம் நின்றதும் ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்த பிறகு ஸ்டார்ட் செய்கிறேன். உடனே பிடித்துக்கொள்கிறது. மழைக்காலம் வருவதற்குள் ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எர்த் போல்ட்டுகளையும் இதே மாதிரி அளந்து பார்க்கப் போகிறேன்.