இடது என்றால் வலது

எங்கள் பழைய மில்லிங் மெஷின், சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் சீவும் இயந்திரம். சீவ வேண்டியதைப் பூட்டி வைக்கும் அதன் டேபிள், திருகின் ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். டேபிளின் முழு ஓட்டம் 600 மில்லிமீட்டர். ஆக, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கையால் போக 120 சுற்று. இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட்டதல்ல. தோள்பட்டை போட்டுச் சொன்னது.

1938-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் பிறந்த, தலையைத் திருப்பக்கூடிய 'டரட் மில்' வம்சத்தில் எங்கள் மெஷின் ஒரு கொள்ளுப்பேத்தி. உடம்பெல்லாம் வார்ப்பிரும்பு, கெட்டிக்காரி. பிற்பாடு யாரோ மாட்டிவிட்ட, டேபிளை மோட்டாரால் நகர்த்தும் எலெக்ட்ரிக் ஃபீட்தான் அதில் சவலைப்பிள்ளை. ஒருநாள் காலையில் லீவரை வலப்பக்கம் தள்ளினால் டேபிள் சொகுசாக ஓடியது. இடப்பக்கம் தள்ளினால் ஒரு முனகல்கூட இல்லை. வெட்டிக்கொண்டு போகும்போது ராஜா, திரும்பி வரும்போது செக்குமாடு என்று ஒரு வாரம் ஓட்டினேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்தேன். "மோட்டார் போயிடுச்சு" என்று அறிவித்தேன்.

வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் தம்பி மெதுவாகக் கேட்டான். "வலப்பக்கம் அதே மோட்டார்தானே அண்ணே ஓட்டுது?"

இது நல்ல கேள்வி. ஒரு திசையில் ஓடுகிறதென்றால் மோட்டார், அதற்குள் மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ், பல்சக்கரம், வேகம் கூட்டிக் குறைக்கும் குமிழ் எல்லாமே உயிரோடு இருக்கின்றன என்றுதான் அர்த்தம். இரண்டு திசைக்கும் பொதுவானதை விட்டுவிட்டு, அந்த ஒரு திசைக்கு மட்டும் உரியதைத் தேட வேண்டும். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் கேட்டது அவன். "உனக்கு இதெல்லாம் போகப்போகத் தெரியும்" என்று சொல்லிவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

ஹேண்டிலைக் கழற்றி, டயலைக் கழற்றி, பெவல் கியர் என்ற பல்சக்கரத்தை உருவினேன். அதைத் திருகுத் தண்டோடு பிணைத்திருக்கும் 'சாவி' என்ற குட்டி உலோகத் துண்டு கீழே விழும் என்று தெரியும். விழுந்தது. இரும்புச் சீவல் நிறைந்த தட்டுக்குள் காந்தத்தை விட்டுத் துழாவினால் முள்ளம்பன்றி மாதிரி ஒன்று மேலே வந்தது. அந்த முள்ளுக்குள் சாவி இல்லை. அரை மணி நேரம் கழித்து, என் செருப்புக்கு அடியில் இருப்பதாகத் தம்பி சொன்னான். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மோட்டாரைப் பிரித்தேன். நிலைக்காந்தம் வைத்த சாதாரண டிசி மோட்டார். உள்ளே கரித்தூள் மை மாதிரி அப்பிக் கிடந்தது. ஒரு பிரஷ் கைவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. "பார்த்தியா!" என்றேன். உண்மையிலேயே மாற்ற வேண்டிய பிரஷ்தான், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. பிரஷ் உரசும் சுழல் உருளையான கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்தேன். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் பட்டைகளின் இடுக்கில் மாட்டினால் தொல்லை. புது பிரஷின் முகம் தட்டையாக இருக்கும், கம்யூட்டேட்டரோ உருண்டை. அதனால் உப்புத்தாளை கம்யூட்டேட்டர் மேல் சுற்றி பிரஷை அதில் தேய்த்து வளைவு வர வைத்தேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். பழுதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது வேறு விஷயம்.

"வயர் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே அண்ணே" என்றான் தம்பி.

"ரெண்டே ரெண்டு வயர். இதுக்குப் போட்டோவா?"

அந்த இரண்டு வயரும் ஒரு காலத்தில் வேறுவேறு நிறமாக இருந்திருக்கும். எண்ணெய் குடித்துக் குடித்து இப்போது இரண்டுமே கறுப்பு.

எல்லாவற்றையும் மாட்டி மின்சாரம் கொடுத்தேன். இடப்பக்கம் தள்ளினால் அதே மௌனம். வலப்பக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

பிளக்கைத் திரும்பப் பிடுங்கி, ஒருவழியாக லிமிட் சுவிட்சுக்கு வந்தேன். டேபிளுக்கு முன்பக்கம் நடுவில் நகராத ஒரு சின்னப் பெட்டி, அதில் திசைக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள். டேபிளோடு நகரும் தடுப்புக்கட்டை வந்து பொத்தானை அமுக்கினால் அந்தத் திசைக்கான மின்சாரம் அறுந்து டேபிள் நிற்கும். மின்சாரம் போக வழி இருந்தால் பீப் என்று கத்தும் மல்டிமீட்டரை வைத்தேன். வலப்பக்கப் பொத்தான் பீப் என்றது. இடப்பக்கம் சத்தமே இல்லை. வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்டும் தூசியும் காய்ந்து பிசினாகி, அதற்குள் ஒரு அலுமினியச் சீவல் சொருகிக்கொண்டு, பொத்தான் உள்ளே போனது வெளியே வரவில்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத சீவல். ஊசியால் நெம்பி எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். மொத்தம் நான்கு நிமிடம்.

லீவரை இடப்பக்கம் தள்ளினேன். டேபிள் ஓடியது. வலப்பக்கம் ஓடியது.

லீவரை வலப்பக்கம் தள்ளினேன். இடப்பக்கம் ஓடியது.

"அந்த ரெண்டு வயர்..." என்று ஆரம்பித்தான் தம்பி. இந்த டிசி மோட்டாரில் அவை இடம் மாறினால் சுற்றும் திசையும் மாறும்.

"ரெண்டு பக்கமும் ஓடுதுல்ல? நாளைக்கு நிதானமா மாத்திக்கலாம்." மறுபடியும் ஹேண்டில், டயல், கியர், செருப்படிச் சாவி என்று ஆரம்பிக்க உடம்பில் தெம்பில்லை. ஒரே ஒரு கட்டையைச் சீவிப் பார்த்துவிடுவோம் என்று லீவரை இடப்பக்கம் தள்ளிவிட்டு, ஃபீட் ஓடும் அழகை ரசித்தபடி கை துடைக்கத் துணி தேடப் போனேன். கோடிக்குப் போனால் லிமிட் சுவிட்ச் நிறுத்திவிடும் அல்லவா?

டேபிள் வலக்கோடிக்குப் போனது. தடுப்புக்கட்டை வலப்பக்கப் பொத்தானை 'டிக்' என்று அமுக்கியது. சுவிட்சும் தன் கடமையைச் செய்தது. லீவரின் வலப்பக்கத்துக்குப் போகும் மின்சாரத்தை அறுத்தது. லீவரோ இடப்பக்கத்தில் இருந்தது. திசை மாறிய மோட்டாருக்கு லிமிட் சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்பது துணி கைக்குக் கிடைத்த அதே நொடியில் உறைத்தது. டேபிள் முட்டி நின்றது. மோட்டார் நிற்கவில்லை. நூறு முறுக்கை ஒன்றாகக் கடிப்பது போல 'கர்ர்ர்' என்றொரு சத்தம்.

ஃபீட் பெட்டிக்குள் ஒரே ஒரு பல்சக்கரம் மட்டும் பிளாஸ்டிக். மற்றதெல்லாம் உலோகம். இப்படி ஏதாவது நடந்தால் தான் செத்து மற்றவற்றைக் காப்பாற்றவே அது அங்கே இருக்கிறது. கடமை தவறாமல் செத்திருந்தது. பெட்டியைத் திறந்தபோது பற்களெல்லாம் வெள்ளைத் தூளாக மடியில் கொட்டின.

புது பல்சக்கரம் வர இரண்டு வாரம் ஆகுமாம். வயர்களை அன்றே மாற்றிவிட்டேன். தம்பி ஒன்றில் சிவப்பு டேப், மற்றதில் மஞ்சள் டேப் சுற்றி, போட்டோவும் எடுத்துக்கொண்டான். பழுது பார்ப்பதற்கு முன்னால் திரும்பி வரும்போது மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது போக 120, வர 120.