'விறைப்பு' என்று கேட்டபோது

காலை ஐந்தரைக்கே கொழும்பு ஆஸ்பத்திரியில் அந்தப் பிசியோதெரபிப் பிரிவின் வாசல் வாங்கு நிரம்பிவிடும். நம்பர் கொடுப்பது ஏழரைக்குத்தான். முதலில் வந்து இருப்பவர்கள் கொழும்புக்காரர் இல்லை. பதுளைப் பக்கமிருந்து இரவு ரயிலில் வந்து கோட்டையில் இறங்கியவர்கள், வவுனியாவிலும் மன்னாரிலும் இரவு பஸ் பிடித்து விடியும் முன்னே புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்கள். கையில் எக்ஸ்ரே உறை, மடியில் பொலித்தீன் போட்ட கிளினிக் கொப்பி, பக்கத்தில் சாப்பாட்டுப் பார்சல். உள்ளே போனால் அரை மணித்தியாலம் வைத்தியம், கையில் ஒரு உடற்பயிற்சித் தாள். பிறகு வந்த தூரம் முழுக்கத் திரும்பிப் போக வேண்டும். வவுனியா என்றால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். இடுப்பு நோவோடு அந்தச் சீற்றில் இரவு முழுக்க இருந்து வந்தவரிடம் "எப்போது நோவு கூட?" என்று கேட்டால், "பஸ்ஸுக்குள்ளதான் பிள்ளை" என்று சொல்வார்.

இந்த மனிதர்களைப் பற்றித்தான் என் பிசியோதெரபிப் படிப்பின் இறுதி வருட ஆய்வு இருக்க வேண்டும் என்று பயிற்சிக் காலத்திலேயே முடிவு செய்திருந்தேன். கிராமப்புறத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பொதுவாக எந்த இடத்தில் நோவு, எந்த வேலை அதைக் கூட்டுகிறது, நாங்கள் கொடுக்கும் பயிற்சியை வீட்டில் செய்ய முடிகிறதா. கேட்பதற்கு லேசான கேள்விகள். செய்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. இப்போது இதே பாதையில் இறங்கும் தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் விசாரிப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை 'கிராமம்' என்ற சொல்லிலேயே வந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 77.4 வீதமானோர் கிராமத்தவர், 18.2 வீதம் நகரத்தவர், 4.4 வீதம் தோட்டத்தவர். மாநகர சபை, நகர சபைக்குள் இருப்பதுதான் நகரம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பிரதேச சபைக்குள் வரும் ஹோமாகமவும் கிராமம், வவுனியா வடக்கில் காட்டோரம் இருக்கும் ஊரும் கிராமம். மறுபக்கம், ஹட்டன் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் அம்மா கிராமத்தவரே இல்லை, அவர் தோட்டம். என் முதல் வரைவில் மூன்று பெட்டி போட்டு "ஒன்றில் புள்ளடி இடவும்" என்று எழுதி வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் சேர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் புள்ளடியால் நோயாளியின் கஷ்டத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியவரும்?" சரி என்று பெட்டிகளை வைத்துக்கொண்டு, கீழே இன்னொரு கேள்வி சேர்த்தேன்: வீட்டிலிருந்து இங்கே வர எத்தனை மணித்தியாலம் எடுத்தது, எத்தனை வாகனம் மாறினீர்கள். பிறகு பார்த்தால், மூன்று பெட்டிகளையும் விட இந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் உதவியது.

எத்தனை பேரைக் கேட்பது என்ற கணக்கில் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் 384 என்ற எண்ணில் முட்டுவார்கள். ஒரு நோவு எத்தனை வீதமானோருக்கு இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாதபோது 50 வீதம் என்று வைத்து, 5 வீதப் பிழையை ஏற்று, 95 வீத நம்பிக்கைக்குக் கணக்குப் போட்டால் அந்த எண் வரும். மூன்று மாதத்தில், தனி ஆளாக, ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் இருந்து கதைத்து 384 பேரை முடிக்க முடியாது. பிழை எல்லையை 7 வீதமாக்கினால் 196 வரும். அதை எடுத்துக்கொண்டு, ஏன் எடுத்தோம் என்பதையும் ஆய்வறிக்கையில் வெளிப்படையாக எழுதினோம். குறைந்த பேரிடம் ஆறுதலாகக் கேட்பது, கூடிய பேரிடம் அவசரமாகக் கேட்பதை விட நல்லது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்குத் தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள், திருத்திக் கொடுத்தேன். அந்தத் திருத்தத்தில் ஒன்று எனக்குப் பிடித்தது. "மறுத்தாலும் உங்கள் வைத்தியம் நிற்காது" என்ற வரியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். அது சும்மா சம்பிரதாயம் இல்லை என்று முதல் நாளே விளங்கியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி கேட்டால், இல்லை என்று சொல்ல அந்த வாங்கில் இருக்கும் யாருக்கும் வாய் வராது. கையெழுத்து வைக்கத் தெரியாதவர்களிடம் சாட்சி ஒருவரை வைத்து, முழுவதும் வாசித்துக் காட்டி, பெருவிரல் அடையாளம் எடுத்தேன். அதற்கு நேரம் போகும். போகட்டும்.

இனித்தான் உண்மையான வேலை வந்தது: மொழிபெயர்ப்பு.

முழங்காலுக்கு 'வோமாக்' என்ற கேள்விக்கொத்தை எடுத்திருந்தோம். மொத்தம் 24 கேள்வி. நோவைப் பற்றி 5, இறுக்கத்தைப் பற்றி 2, அன்றாட வேலைகளைப் பற்றி 17. முறைப்படி இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத வேறு ஆட்கள் அதை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும், ஒரு குழு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பிறகு நோயாளிகளிடம் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். மறுபெயர்ப்பு மூலத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. நான் சந்தோசப்பட்டு அன்றைக்கு வெள்ளவத்தைக்கு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமை பரீட்சார்த்தமாகச் சிலரிடம் கேட்டேன். "காலையில் எழும்பியவுடன் முழங்காலில் விறைப்பு எவ்வளவு?" வவுனியாவிலிருந்து வந்த ஐயா ஒருவர் கையால் காலைத் தடவிக்காட்டி, "விறைப்பு இல்லைப் பிள்ளை, தொட்டால் தெரியுது. சீனி வருத்தக்காரருக்குத்தானே கால் விறைக்கும், எனக்கு நல்லாத் தெரியுது" என்றார். அடுத்த ஆளும் அப்படித்தான். எங்கள் பேச்சில் கை விறைக்கிறது என்றால் உணர்ச்சி இல்லை என்று அர்த்தம். பல் பிடுங்கப் போனால் விறைப்பு ஊசிதான் போடுவார்கள். பாடப்புத்தகத் தமிழிலோ மூட்டு இறுகிப் போவது விறைப்பு. இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் படித்தவர்கள், மறுபெயர்த்தவர்களும் அதே படிப்புப் படித்தவர்கள். படித்தவர் எழுதியதைப் படித்தவர் திருப்பி வாசித்ததால் பிழை கண்ணில் படவே இல்லை. அப்படியே ஆய்வுக்குப் போயிருந்தால், முழங்கால் இறுகிப்போய் அரை மணித்தியாலம் கட்டிலை விட்டு இறங்க முடியாத ஒருவருக்கு 'இல்லை' என்று பூச்சியம் போட்டிருப்பேன்.

"எழும்பியவுடன் முழங்காலை மடக்கி நீட்ட ஏலாமல் இறுகிப்போய் இருக்கிறதா?" என்று மாற்றினோம். நீளம்தான், ஆனால் எல்லாருக்கும் விளங்கியது.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன். நான் வடக்கில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவள். எனக்கு நாரி என்றால் நாரி. நாரி நோகுது, கால் உளையுது என்று வன்னியிலிருந்து வந்தவர்கள் சொன்னால் அது என் அம்மம்மா சொல்வது மாதிரியே இருக்கும். மலையகத்து அம்மாவிடம் "நாரி நோகுதா?" என்று கேட்டேன், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது இடுப்பு வலி. உளைவு அவருக்குக் குடைச்சல். எழுத்தில் 'கீழ் முதுகு' என்று போட்டால் இருவருக்குமே அது வேறு எங்கோ இருக்கும் இடம். கடைசியில் சொல்லோடு சேர்த்து உடற்படமும் வைத்தேன். உடம்பில் எங்கே நோவு என்று கேட்கிற நோர்டிக் கேள்வித்தாளில் கழுத்திலிருந்து பாதம் வரை 9 பகுதிகளாகப் பிரித்த படம் உண்டு. அதையும் விடப் பலருக்குத் தங்கள் உடம்பிலேயே தொட்டுக் காட்டுவதுதான் வசதியாக இருந்தது. அவர்கள் தொட்ட இடத்தை நான் படத்தில் குறித்தேன்.

வோமாக்கில் சாக்ஸ் போடுவது, கழற்றுவது, குளியல் தொட்டிக்குள் இறங்குவது, காரில் ஏறுவது எல்லாம் இருக்கின்றன. பீலிக் கரையில் குளிக்கிற, செருப்போடு மலை ஏறுகிற ஒருவரிடம் அதை அப்படியே கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேள்விக்கொத்தின் உரிமையாளரிடம் அனுமதி எடுத்து, அதே அசைவு வருகிற வேறு வேலைகளாகக் குழு மாற்றியது: காலைத் தூக்கிப் பாதத்தைக் கழுவுவது, குனிந்து வாளித் தண்ணீரில் குளிப்பது, பஸ் படியில் ஏறுவது.

'கடந்த 12 மாதங்களில் நோவு இருந்ததா' என்ற கேள்வியும் அப்படித்தான். மாதக்கணக்கில் யாருக்கும் நோவு ஞாபகம் இருக்காது. வயல்காரரிடம் "போன பெரும்போக விதைப்புக்குப் பிறகு" என்றும், தோட்டத்து ஆட்களிடம் "போன தீபாவளி அட்வான்ஸ் எடுத்ததிலிருந்து" என்றும், புத்தளத்திலிருந்து வந்தவர்களிடம் "போன நோன்புப் பெருநாளிலிருந்து" என்றும் கேட்டால் டக்கென்று பதில் வந்தது.

ஆனால் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு கேள்வி. "இந்த நோவினால் உங்கள் வழமையான வேலையைச் செய்ய முடியாமல் போனதா?" கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், கழுத்தைத் திருப்பவே கஷ்டப்படுகிறார். உடனே "இல்ல மிஸ்" என்றார். கூடைக் கயிறு தலையில் அழுத்திய இடத்தில் முடி தேய்ந்திருந்தது. அங்கேயே விரலை வைத்து, "வலி இருக்கத்தான் செய்யுது. வேலைக்குப் போகாட்டிப் பேர் விழாதே. நிறுவை குறைஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு. என் படிவத்தில் 'இல்லை' என்ற பெட்டிதான் இருந்தது. அந்தப் பெட்டியில் புள்ளடி விழுந்தால், கணினியில் அவர் நோவு குறைந்தவர்களோடு சேர்ந்துவிடுவார். மாதச் சம்பளம் எடுக்கிற ஒருவர் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு 'ஆம்' என்பார், நாட்கூலிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டு 'இல்லை' என்பார். கேள்வி நோவை அளப்பதாக நாங்கள் நினைத்தோம். அது அளந்தது லீவு எடுக்க முடியுமா முடியாதா என்பதைத்தான். அதற்குப் பக்கத்தில் "நோவோடு வேலைக்குப் போன நாட்கள் எத்தனை?" என்று சேர்த்தோம். திருத்தத்துக்கு மறுபடி அனுமதி எடுக்க மூன்று கிழமை போனது. அந்த மூன்று கிழமையும் வீணில்லை.

முடிவுகளில் முழங்காலும் இடுப்பும் முன்னுக்கு நின்றன. அதை யாரும் ஊகித்திருப்பார்கள். நான் எதிர்பாராதது கழுத்தும் தோளும். கொழுந்துக் கூடைக்காரர் ஒரு பக்கம், சீனி வருத்தத்தோடு தோள்மூட்டு இறுகிப்போய் தலை வார முடியாமல் வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: நான் கண்டது கொழும்பு வரை வர முடிந்தவர்களை. பஸ்ஸில் ஏற முடியாத அளவுக்கு நோவு உள்ளவர்கள் என் 196க்குள் இல்லை.

பயிற்சித் தாளைப் பற்றிக் கேட்டபோது வந்த பதில்கள்தான் பிரிவில் உடனே மாற்றத்தைக் கொண்டு வந்தன. "கதிரையில் இருந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி பிடிக்கவும்" என்று தாளில் இருக்கும். தொடைத் தசையைப் பலப்படுத்தினால் முழங்கால் நோவு குறையும், பயிற்சி நல்லதுதான். லயத்து வீட்டில் எல்லாருக்கும் அந்த உயரத்தில் கதிரை இல்லை. "இஸ்தோப்புப் படியில் உக்காந்து செய்யலாமா மிஸ்?" என்று ஒருவர் கேட்டார். படி தாழ்வு என்றால் காலை நீட்ட இடம் போதாது, முழங்காலும் அதிகம் மடங்கும். அதனால் கட்டிலில் காலை நீட்டி இருந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய சாரத்தை வைத்து அழுத்துகிற பயிற்சியைப் படம் போட்டுக் கொடுத்தோம். சாரம் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

கடைசிக் கிழமையில் ஹட்டன் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். எல்லாம் கேட்டு முடிந்து, நான் படிவத்தை மூடப்போகும்போது, "என்ன எழுதினீங்கன்னு வாசிங்க மிஸ்" என்றார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முதலிலிருந்து வாசித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், பாதியில் கையை நீட்டி நிறுத்தினார். மலையில் ஏறும்போது முழங்கால் நோவு கடுமை என்று குறித்திருந்தேன்.

"ஏறுறப்ப இல்ல மிஸ். கொழுந்தோட எறங்குறப்ப."

வெட்டிவிட்டுத் திருத்தி எழுதி, மறுபடி வாசித்துக் காட்டினேன். "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.