மேத் 1332 வேண்டாம், ஆத்தா

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்றால், நல்ல காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகள் போகிற இடம் என்றுதான் நம்ம பக்கம் இன்னும் நினைக்கிறார்கள். தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே "உங்க அண்ணன் மகளுக்குப் பெரிய காலேஜ் எதுவும் கிடைக்கலையாக்கும்?" என்று கேட்டார்கள். கிடைக்காமல் இல்லை. இரண்டு வருஷம் அங்கே குறைந்த ஃபீஸில் படித்து, அப்புறம் யுனிவர்சிட்டிக்கு மாறி மீதி இரண்டு வருஷத்தை முடித்தால் டிகிரி யுனிவர்சிட்டி பேரில்தான் வரும். டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் குடிபோன அண்ணனும் அண்ணமிண்டியும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கவலையெல்லாம் பாடம் தேர்ந்தெடுக்கிற விஷயத்தில்தான்.

நான் காரைக்குடியில் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இங்கே கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று வைத்திருக்கிற அளவு) என்பது மார்க் ஷீட்டில் ஒரு ஓரமாகக் கிடக்கிற எண். டே ஆர்டர் (சுற்றிச் சுற்றி வருகிற பாட நாள்) ஆறு, வாரத்துக்கு 30 மணி நேரம், டைம்டேபிளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவோம். நான்-மேஜர் எலெக்டிவ் (வேறு துறையிலிருந்து எடுக்கிற பாடம்) மாதிரி ஒன்றிரண்டைத் தவிர பிள்ளைகள் தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. அரியர் வைக்காமல் இருந்தால் மூன்று வருஷத்தில் 140 கிரெடிட் தானாகச் சேர்ந்துவிடும். அங்கே அப்படி இல்லை, டைம்டேபிளை அண்ணன் மகளேதான் கட்ட வேண்டும்.

முதல் சண்டை 12க்கும் 18க்கும். முழுநேர மாணவி என்றால் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் போதும் என்றதும் அண்ணனுக்குத் தாங்கவில்லை. வாரத்துக்கு 12 மணி நேரம்தானா, மீதி நேரமெல்லாம் போனைத்தான் பார்க்கும், 18 எடுக்கச் சொல்லு என்றார். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பில் ஒரு மணி நேரம், அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் வேலை, இது சுமார் 15 வாரம் என்பதுதான் அங்கே கணக்கு. 12 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 36 மணி நேரம், 18 என்றால் 54. இதில் சனி ஞாயிறு கடையில் வேலை வேறு பார்க்கப் போகிறாளாம். முடியாவிட்டால் பாடத்தைப் பாதியில் விட்டு டிராப் பண்ணிக்கலாமே என்பார்கள் சிலர். டெக்சாஸில் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர் இளநிலைப் படிப்பு முழுக்கச் சேர்த்து ஆறு பாடத்துக்கு மேல் டிராப் செய்ய முடியாது, 2007லிருந்து சட்டம். சில காரணங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் ஆசைப்பட்டு 18 எடுத்தேன் என்பது அதில் சேராது.

அடுத்தது பிளேஸ்மென்ட், வேலை வாங்கித் தருகிறது இல்லை, எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கிறது. டெக்சாஸில் டிஎஸ்ஐ என்று ஒரு தேர்வு வைக்கிறார்கள், எந்தக் கணக்குப் பாடத்தில் உட்கார வைக்கலாம் என்று பார்க்க. 950 வந்தால் நேரே கல்லூரிக் கணக்கு, குறைந்தால் பெரும்பாலும் பாடத்தோடு ஒரு துணை வகுப்பும் ஒட்டிக்கொண்டு வரும். இவள் பிளஸ் டூவில் இன்டகிரேஷன் எல்லாம் போட்டவள், அதனால் ஒரு பயிற்சித் தாளைக்கூடத் தொடாமல் போனாள். முதல் பகுதியில் கேள்விகள் 20தான். நேர வரம்பு கிடையாது, ஆனால் முந்தின கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது, சொந்த கால்குலேட்டர் கூடாது, சில கேள்விக்கு மட்டும் திரையிலேயே ஒன்று வரும். நம்ம பிள்ளைகளுக்கோ மணி அடிப்பதற்குள் எழுதி முடிக்கிற பழக்கம், விறுவிறுவென்று தட்டிவிட்டு வந்துவிட்டாள். அடியும் அங்குலமும், நிகழ்தகவு, அட்டவணையைப் பார்த்துச் சொல்கிற கேள்வி, எல்லாம் பத்தாவதோடு மறந்துபோன சங்கதிகள். 950 வரவில்லை.

அந்த மார்க்கோடு, எந்தப் பாடம் எடுக்கலாம் என்று வழிகாட்டுகிற அட்வைசரிடம் போனாள். அவர் நல்லவர்தான், ஆனால் இவளுக்கு முன்னாலும் பின்னாலும் வரிசை நிற்கிறது. என்ன மேஜர், அதாவது டிகிரிக்கு முக்கியப் பாடம் எது என்று கேட்டிருக்கிறார், இவள் இன்னும் முடிவு பண்ணலை என்றிருக்கிறாள். உடனே ஜெனரல் ஸ்டடீஸ் பிளான், கணக்குக்கு மேத் 1332, கூடத் துணை வகுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு (அவர்களுக்குக் காலை ஒன்பதரை) எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, "அயித்தை, எல்லாக் கிரெடிட்டும் டிரான்ஸ்பர் ஆகுமாம்" என்றாள்.

அந்தப் பாட எண்களைக் கொஞ்சம் பாருங்கள். டெக்சாஸ் முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு ஒரே எண்முறை. முதல் இலக்கம் எத்தனையாவது வருஷத்துப் பாடம் என்பது, இரண்டாவது இலக்கம் கிரெடிட். 1332 முதல் வருஷம், 3 கிரெடிட். 2413 இரண்டாம் வருஷம், 4 கிரெடிட், அதுதான் கால்குலஸ். இவளுக்கு மனசுக்குள் இருப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ், சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். அதற்கு 2413 வேண்டும், அதற்கு முன்னால் 2412 (பிரீ-கால்குலஸ்), அதற்கும் முன்னால் 1314 (காலேஜ் அல்ஜீப்ரா). ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார விட மாட்டார்கள். 1332 இந்த வரிசையிலேயே கிடையாது, கலைப் பாடம் படிக்கிறவர்களுக்கானது. யுனிவர்சிட்டி அதை வாங்கிக்கொள்ளும், 3 கிரெடிட் என்று பதிந்தும் கொள்ளும், கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கு மட்டும் உதவாது. டிரான்ஸ்பர் ஆகுமா என்று மட்டும் கேட்டால் ஆகும் என்றுதான் எவரும் சொல்வார்கள், பொய்யும் இல்லை. போகப்போகிற யுனிவர்சிட்டியின் டிகிரி பிளானை (டிகிரிக்கு என்னென்ன பாடம் வேண்டும் என்கிற பட்டியல்) நெட்டில் எடுத்து, அதில் எந்த வரிக்கு இது போகும் என்று விரலை வைத்துக் கேட்க வேண்டும். "மேத் 1332 வேண்டாம் ஆத்தா, மேஜரைப் போய்ச் சொல்லு" என்றேன்.

போய்ச் சொன்னாள். அதே அட்வைசர் மொத்தத் தாளையும் மாற்றிக் கொடுத்தார். உட்கார்ந்து படித்து டிஎஸ்ஐயை மறுபடி எழுதினாள், இந்தத் தடவை 950 தாண்டியது. அதோடு விடவில்லை, அலெக்ஸ் என்று இன்னொரு கணக்குத் தேர்வு இருக்கிறது, பல கல்லூரிகளில் அதில் நல்ல மார்க் வந்தால் 1314ஐத் தாண்டி மேலே ஏற்றுகிறார்கள். இவளுக்கு 2412 கிடைத்தது. ஒரு செமஸ்டர் மிச்சம்.

இப்போது அண்ணனுக்குப் புதுக் குறை. அரசுக் கல்லூரியில் டிகிரி வாங்க அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியல் 6 கிரெடிட் படித்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம், அதில் டெக்சாஸ் அரசமைப்பும் அடக்கம். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்கிறார். நம்ம ஊரில் பி.காம். பிள்ளைகூடச் சுற்றுச்சூழல் பாடம் படிக்கிறதே, அதுவும் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்ததுதானே என்றேன். அதற்குப் பதிலைக் காணோம். ஆனால் அவளுக்கு அந்த அரசியல் வகுப்புதான் பிடித்திருக்கிறதாம், வாத்தியார் தேர்தல் கதையாகச் சொல்கிறாராம். மேஜரை மாற்றாமல் இருந்தால் சரி.