பொட்டு வைத்த சேவல் குஞ்சுகள்: இரண்டு தலைமுறை பார்த்தாயிற்று

கே.ஆர். புரத்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அங்கே ஒரு ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வரிபோட்ட நான்கு பிளைமவுத் ராக் பெட்டைகளையும் சேர்த்து விட்டேன். இந்த ஜோடியில் குஞ்சு பொரித்த அன்றே சேவலா பெட்டையா என்று தெரிந்துவிடும். முட்டைக்காக வளர்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி!

கோழி இனத்தில் சேவலா பெட்டையா என்பதைத் தீர்மானிக்கிற குரோமோசோம்களில் ஒன்று இசட். தாயின் இசட் குரோமோசோம் மகன்களுக்குத்தான் போகும். வரியைத் தருகிற மரபணு அதில் இருக்கிறது. அதனால் மகன்களுக்கு வரி, மகள்களுக்கு வெறும் கருப்பு. நிறத்தைப் பார்த்தே குஞ்சுகளைப் பிரிக்கலாம் என்ற யோசனையை முதல் உலகப் போர்க் காலத்தில், தீவனத் தட்டுப்பாட்டின்போது முன்வைத்தவர் கேம்பிரிட்ஜின் மரபியல் அறிஞர் பன்னெட்.

இன்குபேட்டரில் 24 முட்டை, 37.5 டிகிரி. 7-ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஐந்தில் நரம்பே ஓடவில்லை, எடுத்துவிட்டேன். 16-ஆம் நாள் மழையில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்டியைக் கம்பளியால் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 21-ஆம் நாள் 15 குஞ்சுகள்.

எல்லாமே கருப்பு. அதில் எட்டின் உச்சந்தலையில் மட்டும் பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல வெள்ளைப் பொட்டு. வரி மரபணு குஞ்சில் இப்படிப் பொட்டாகத்தான் தெரியும், அவைதான் சேவல். அம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பொட்டு வெச்சா பொண்ணுன்னுதானே நினைப்போம், இங்க தலைகீழா இருக்கே" என்றார். இரண்டில் பொட்டு மங்கல், சந்தேகமாக இருந்தது. காலில் நூல் கட்டிவைத்தேன். ஆறாவது வாரம் இரண்டுக்கும் வரி இறகு வந்தது, சேவல்தான்.

ஏழு இளம் பெட்டைகளுக்கும் கழுத்தில் செம்பொன் இறகு. 23-ஆவது வாரம் முதல் முட்டை: பழுப்பு நிறம், சின்னது, ஓட்டில் லேசாக ரத்தக் கோடு.

அப்புறம்தான் தவறு செய்தேன். இவற்றுக்குள்ளேயே ஒரு சேவலைச் சேர்த்து அடுத்த தலைமுறை எடுத்தேன். 12 குஞ்சு வந்தது, வழக்கம்போலப் பொட்டைப் பார்த்துப் பிரித்தேன். எட்டாவது வாரம் கொண்டை சிவந்தபோது பொட்டு வைத்ததில் மூன்று பெட்டை, வைக்காததில் இரண்டு சேவல்! காரணம் எளிது: இந்தத் தலைமுறையில் வரியைத் தருவது தகப்பன். அவனிடம் வரியுள்ள இசட் ஒன்று, இல்லாதது ஒன்று. எது யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பெரிய பண்ணைகளுக்குப் போகும் கலப்பினக் குஞ்சுகளுக்கும் இதே கணக்குதான். தனித்தனியாகக் காத்துவரும் பாட்டன் பாட்டி வரிசைகளிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்துதான் எடுக்கிறார்கள்.

சரி, பழைய ரெட் சேவலையே மறுபடி ராக் பெட்டைகளோடு விட்டிருக்கிறேன். நடுவில் அந்த இளஞ்சேவல் வேலி தாண்டிப் போய் அவற்றோடு ஒரு வாரம் இருந்துவிட்டது. பெட்டையின் உடலில் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும் என்பதால், அதுவரை வந்த முட்டையெல்லாம் சமையலுக்கே போனது. நேற்றோடு மூன்று வாரம் முடிந்தது. இன்று காலை எடுத்த இரண்டு முட்டையையும் கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் அடுக்கிவிட்டேன்.