கடிக்காத மீன்களுக்கு நடுவே

வண்ண மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொட்டிக்கு முன்னால் நின்று வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: "இதுவும் அதுவும் ஒன்றையொன்று கடிக்குமா?" கடைத் தொட்டிகளில் நாள்தோறும் கண்டதை வைத்து, கடிக்காது என்று நானும் நம்பிக்கையோடு சொல்லி வந்தேன். அந்த அமைதி கடைக்கு மட்டுமே உரியது என்பதை உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் வளர்ந்து முடியாத இளம் மீன்கள். நெருக்கமாக விடப்பட்டிருப்பதால் எந்த மீனாலும் ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொள்ள முடிவதில்லை. ஒரு மூலையைப் பிடித்துக் காக்கத் தொடங்கும் முன்பே அது விற்றுப்போய்விடுகிறது. ஆகவே கடையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது மீனின் இயல்பை அன்று, அந்த இயல்பு வெளிப்பட வாய்ப்பில்லாத சில வாரங்களை மட்டுமே.

பிறகு வீடுகளுக்குச் சென்று தொட்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவதும், தண்ணீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுவதும், ஃபில்டர் பஞ்சை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவதும்தான் வேலை என்றாலும், நானே விற்ற மீன்களை மாதந்தோறும் மறுபடியும் பார்க்கும் வாய்ப்பை அந்த வேலைதான் எனக்குத் தந்தது.

ஒரு வீட்டில் காசு அளவே இருந்த நான்கு ஏஞ்சல் மீன்களும் பன்னிரண்டு நியான் டெட்ராக்களும் ஒன்றாக விடப்பட்டிருந்தன. சேர்த்து விடலாம் என்று சொன்னவன் நான். ஏழெட்டு மாதங்கள் கழித்து அந்த வீட்டுப் பெரியவர், "தம்பி, ஒரு மீன்கூடச் செத்து மிதக்கவில்லை, ஆனால் எண்ணிக்கை மட்டும் குறைந்துகொண்டே போகிறதே," என்றார். ஏஞ்சல் மீனின் உடல் சுமார் 15 சென்டிமீட்டர் வரை வளரும்; நியான் டெட்ராவோ மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இரண்டும் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் தாது உப்புகள் குறைந்த மென்மையான, வெதுவெதுப்பான நீர் ஏற்றது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வாய்க்குள் நுழையும் அளவில் இருக்கும் மீன் ஏஞ்சலுக்கு இரையாகவே தோன்றும். நான் விற்ற அன்று இருந்த வாயின் அளவைப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தேனே தவிர, வளர்ந்த பிறகு இருக்கப்போகும் வாயை எண்ணிப் பார்க்கவில்லை. அதே தொட்டியில் பின்னர் இரண்டு ஏஞ்சல்கள் இணை சேர்ந்து ஓர் அகன்ற இலையில் முட்டையிட்டபோது, மற்ற இரண்டையும் ஃபில்டரின் பின்புறம் வரை துரத்தி, தொட்டியின் முக்கால் பங்கைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. ஒரே இனம் என்பதால் ஒத்துப்போய்விடும் என்ற எண்ணமும் அன்றோடு என்னை விட்டுப் போயிற்று. ஒதுக்கப்பட்ட இரண்டையும் அன்று மாலையே வேறு தொட்டிக்கு மாற்றினேன்.

ஃபைட்டர் என்ற பெயரைக் கேட்டே பலர் அஞ்சுகிறார்கள். இரண்டு ஆண் ஃபைட்டர்களைச் சேர்த்து விடக்கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் டைகர் பார்ப் மீன்கள் இருக்கும் தொட்டியில் அடிபடுவது இந்த ஃபைட்டர்தான். மெதுவாக அசையும் அதன் நீண்ட துடுப்புகளைப் பார்ப்கள் கொத்தாமல் விடுவதில்லை. ஒரு தொட்டியில் மூன்று பார்ப்கள் சேர்ந்து ஒரு கௌராமி மீனின் மெல்லிய மீசை போன்ற துடுப்புகளைக் கடித்துக் குட்டையாக்கியிருந்தன. பார்ப்களை வெளியே எடுத்துவிடும்படி உரிமையாளர் கேட்டுக்கொண்டார்; நான் தயக்கத்தோடு அவற்றைப் பத்தாகப் பெருக்கிப் பார்க்கலாம் என்றேன். அது இருநூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி என்பதால்தான் அப்படிச் சொல்லத் துணிந்தேன். கூட்டமாக வாழும் மீன் கூட்டம் கிடைத்ததும் தனது துரத்தலையும் போட்டியையும் பெரும்பாலும் தன் இனத்துக்குள்ளேயே நடத்திக்கொள்கிறது. கொத்துவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அறவே நிற்கவில்லை. எனவே நீண்ட துடுப்புள்ள மீனைப் பார்ப்களோடு விட நான் இன்றும் சம்மதிப்பதில்லை.

தங்க மீனை வெப்ப மண்டல மீன்களோடு சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஏற்றது 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நீர். வெப்ப மண்டல மீனான டிஸ்கஸுக்கோ 28க்குக் குறையக்கூடாது. இடையில் எங்கே ஹீட்டரை நிறுத்தினாலும் இரண்டில் ஒன்று வாடும்.

என்னை மிகவும் வருத்தியது கடியும் துரத்தலும் இல்லாத ஒரு தொட்டி. மேலே டேனியோ, கப்பி என்னும் சிறு மீன்களும், அடியில் கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி மீன்கள் ஆறும் இருந்தன. அளவும் நீரும் பொருத்தமாகவே இருந்தன. மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம். இருந்தும் கோரிடோராஸ்கள் ஒவ்வொன்றாக இறந்தன. மூன்றாவது இறந்தபோதுதான் மீதமிருந்தவற்றைக் குனிந்து கவனித்தேன்; வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. வீட்டில் உள்ளவர்கள் தூவும் மிதவை உணவு முழுவதையும் டேனியோக்கள் நொடிகளில் முடித்துவிட, அடித்தளத்தில் மீசையால் மணலைத் துழாவும் மீன்களுக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. அவை மீதி உணவையும் கழிவையும் தின்று தொட்டியைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் என்று கடையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம். அந்தச் சொல்லை நம்பியதற்காக அந்த வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. எந்த மீனும் கழிவைத் தின்று வாழ்வதில்லை.

விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, மூழ்கும் உணவு வில்லைகளைத் தொட்டியின் இரண்டு மூலைகளில் போடும்படி அவர்களிடம் சொன்னேன். மேல்மட்ட மீன்கள் அதற்குள் ஓய்ந்துவிடும். இருட்டில் மோப்பத்தாலேயே உணவைக் கண்டுபிடிக்கக்கூடியவை கோரிடோராஸ்கள். மூன்று வாரத்தில் வயிறுகள் நிரம்பத் தொடங்கின. கூட்டம் போதாது என்பதால் மேலும் மூன்றைத் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே சேர்த்தோம்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீரை வெளியேற்றும் தூம்புக் குழாயைக் கையில் எடுக்கும் முன் ஒரு சிட்டிகை உணவைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பாய்ந்து வருபவற்றை நான் பார்ப்பதில்லை. செடிக்குப் பின்னால், ஹீட்டரின் ஓரத்தில், கல்லின் நிழலில் நின்றுகொண்டு உணவுக்கு வராமல் இருப்பது எது என்று தேடுகிறேன்.