வட்டமிடப்பட்ட 'கணிசமாக'

எம்.டெக் இரண்டாம் ஆண்டில்தான் முதல் ஆய்வுக்கட்டுரை எழுத உட்கார்ந்தேன். சோதனை முடிந்துவிட்டது, எழுதுவதுதானே பாக்கி என்ற நினைப்பு. குழாய்க்குள் முறுக்கிய தகடு ஒன்றைச் செருகினால் வெப்பப் பரிமாற்றம் எவ்வளவு கூடும் என்பதுதான் ஆய்வு. 12 சதவீதம் கூடியிருந்தது. 'கணிசமாக அதிகரித்தது' என்று எழுதிக் கைடிடம் கொடுத்தேன்.

அவர் 'கணிசமாக'வைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "தெர்மோகப்பிளோட பிழை எவ்வளவுப்பா?" என்று மட்டும் கேட்டார்.

போய்ப் பார்த்தேன். வெப்பநிலை அளக்க நான் வைத்திருந்த, சாதாரணத் தரத்துக் கே வகை தெர்மோகப்பிளில் 2.2 டிகிரி வரை பிழை வரலாம். உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் நான் அளந்த வித்தியாசமே 6 டிகிரிதான். இரண்டு தெர்மோகப்பிளின் பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 3 டிகிரியைத் தாண்டுகிறது. அளந்ததில் பாதி! அதற்குள் என் 12 சதவீதம் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது?

தகடு இல்லாத வெறுங்குழாயில் வந்த விடை, குழாயில் வெப்பப் பரிமாற்றத்தைக் கணிக்க 1930-லிருந்து புழங்கும் டிட்டஸ்-போல்ட்டர் சமன்பாட்டோடு ஒத்துப்போகிறதா என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை. அந்த வாக்கியத்தை எழுதாமல் இருந்திருந்தால் இதெல்லாம் தெரிந்தே இருக்காது.

சரி என்று எல்லாத் தெர்மோகப்பிளையும் ஒரே நீர்த்தொட்டியில் முக்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தினேன். மறுபடி மூன்று வாரம் ரீடிங். 12 என்பது 8 ஆனது. வருத்தம்தான். ஆனால் இப்போது பக்கத்தில் ± 3 என்று போட முடிந்தது. 'கணிசமாக' தானாகவே காணாமல் போயிற்று.

எழுதும் வரிசையும் மாறியது. முதலில் வரைபடங்கள், அப்புறம் செய்முறை, முடிவுகள். முன்னுரையும் சுருக்கமும் கடைசியில். முன்பு முன்னுரையிலேயே ஒரு மாதம் உழன்றிருந்தேன். கட்டுரையை வடிவமைக்கும் லேடெக்ஸ் மென்பொருளில் அட்டவணையை நேராக்கப் போன இரவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டுரை ரெவ்யூவுக்குப் போய்த் திரும்பி வந்தது. முதல் ரெவ்யூவரின் முதல் கேள்வி: 'தகடு செருகியதால் அழுத்த இழப்பு எவ்வளவு கூடியது?' பம்புக்கு எவ்வளவு கூடுதல் வேலை என்று தெரியாமல் அந்த 8 சதவீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நியாயமான கேள்வி.

அளந்திருந்தேன். என் லேப் நோட்டில் ஆறு பக்கம் இருந்தது.